வாடகை கூடிய வீட்டுக்கு மாறுகிறீர்களா? இங்கிலாந்தில் கிடைக்கும் வாடகை உதவி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீடு மாறப்போகும் தமிழ்க் குடும்பங்கள் எங்களிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறோம். பெரும்பாலானவர்கள் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட பிறகுதான் கேட்கிறார்கள். அதற்கு முன் கேட்டிருந்தால் பாதிச் சிக்கல் வந்திராது. இதில் உள்ளவை இங்கிலாந்துக்கு உரிய விதிகள். ஸ்கொட்லாந்திலும் வேல்ஸிலும் சில மாறும். உதவித் தொகை எண்கள் 2025-26 நிதியாண்டுக்கானவை. ஒவ்வொரு ஏப்ரலிலும் அவற்றில் பல மாறும் என்பதால் உங்கள் ஆண்டின் எண்ணைப் போட்டுக் கணக்குப் பார்க்கவும்.

"இப்ப 1,250 பவுண் வீட்டில இருக்கிறம். 1,600 பவுண் வீட்டுக்குப் போனா கூடின காசையும் அரசாங்கம் தருமோ?"

வாடகை கூடியது என்பதற்காக உதவி தானாகக் கூடாது. யுனிவர்சல் கிரெடிட் (யூசி) என்பது வருமானம் குறைந்தவர்களுக்கு அரசு மாதாமாதம் தரும் உதவி. தனியார் வீட்டில் இருப்பவருக்கு அதில் வரும் வாடகைப் பங்குக்கு ஓர் உச்ச அளவு உண்டு. அதன் பெயர் லோக்கல் ஹவுசிங் அலவன்ஸ், சுருக்கமாக எல்ஹெச்ஏ. உங்கள் உண்மையான வாடகை, அந்த உச்ச அளவு இரண்டில் எது குறைவோ அதுதான் கணக்கில் எடுக்கப்படும்.

உங்கள் பகுதியின் அளவு மாதம் 1,400 பவுண் என்று வைத்துக்கொள்வோம். இப்போது 1,250 முழுவதும் கணக்கில் வருகிறது. 1,600 வீட்டுக்குப் போனால் 1,400 வரும். கூடிய 350 பவுணில் 150 உதவியாக வரும், 200 உங்கள் கையிலிருந்து போகும். இப்போதே 1,400 கொடுக்கிறீர்கள் என்றால் கூடுவது முழுவதும் உங்கள் தலையில்தான்.

"எல்ஹெச்ஏ எவ்வளவு எண்டு எங்க பாக்கிறது? கவுன்சிலுக்குக் கவுன்சில் வேறயோ?"

எல்லை கவுன்சிலின் எல்லை அல்ல. வாடகைச் சந்தையை வைத்துப் பிரித்த பகுதிகள் உண்டு. ஒரே கவுன்சிலுக்குள் இரண்டு பகுதிகள் வரலாம். அரசின் எல்ஹெச்ஏ டைரக்ட் என்ற தேடல் பக்கத்தில் போகப்போகும் வீட்டின் போஸ்ட்கோடைக் கொடுத்தால் பகுதியும் அளவும் வரும். இப்போதைய வீட்டின் போஸ்ட்கோடைப் போட்டுப் பார்த்துவிட்டு ஏமாறுகிறவர்கள் நிறையப் பேர். தொகை வாரக் கணக்கில் இருந்தால் 52ஆல் பெருக்கி 12ஆல் வகுத்தால் மாதக் கணக்கு. நான்கால் பெருக்கினால் தவறான விடை வரும்.

2011 முதல் இந்த அளவு, பகுதியில் உள்ள வாடகைகளில் மலிவான 30 சதவீத வீடுகளை எட்டும்படி நிர்ணயிக்கப்பட வேண்டியது. ஆனால் 2020 முதல் 2024 வரை உறைய வைத்தார்கள். 2024 ஏப்ரலில் ஒருமுறை உயர்த்திவிட்டு மறுபடி உறைய வைத்துவிட்டார்கள். அந்த உயர்வுக்கு அடிப்படை 2023 செப்டம்பர் வரையான வாடகைகள். விளம்பரத்தில் பார்க்கும் இன்றைய வாடகைக்கும் இந்த அளவுக்கும் இவ்வளவு இடைவெளி இருப்பதற்குக் காரணம் இதுதான். உங்கள் விண்ணப்பத்தில் பிழை என்று நினைத்துக் குழம்ப வேண்டாம்.

"எங்களுக்கு எத்தனை அறைக்கு உதவி வரும்? மூண்டு அறை வீடு எடுத்தா மூண்டு அறைக்குத் தருவினமோ?"

வீட்டில் எத்தனை அறை என்பதைப் பார்ப்பதில்லை, குடும்பத்துக்கு எத்தனை அறை உரியது என்பதைத்தான் பார்ப்பார்கள். கணவன் மனைவிக்கு ஒன்று. 16 வயது நிறைந்த ஒவ்வொருவருக்கும் தனி அறை. 16 வயதுக்குக் குறைந்த ஒரே பாலினப் பிள்ளைகள் இருவருக்கு ஓர் அறை. 10 வயதுக்குக் குறைந்த இருவர் என்றால் ஆணும் பெண்ணுமானாலும் ஓர் அறை. கூடியது நான்கு அறை. அதற்கு மேல் அளவே கிடையாது.

14, 12 வயதில் இரு பெண் பிள்ளைகள் உள்ள குடும்பத்துக்கு இரண்டு அறை அளவுதான், மூன்று அறை வீடு எடுத்தாலும். 12 வயது மகனும் 9 வயது மகளும் என்றால் மூன்று அறை, ஏனென்றால் மகனுக்கு 10 தாண்டிவிட்டது. பிறந்தநாட்களைக் கவனியுங்கள். மூத்த மகளுக்கு இன்னும் நான்கு மாதத்தில் 16 ஆகிறது என்றால், அந்த நான்கு மாதப் பற்றாக்குறையைச் சமாளித்தால் போதும்.

"மகனுக்கு 29 வயசு, தனி ஆள். ஸ்டூடியோ எடுக்கலாமோ?"

எடுக்கலாம். ஆனால் 35 வயதுக்குக் குறைந்த, பிள்ளைகள் இல்லாத தனி நபருக்குப் பொதுவாகப் பகிர்ந்து வாழும் வீட்டில் ஓர் அறைக்கான அளவுதான் கிடைக்கும். ஸ்டூடியோ வாடகைக்கு அது பக்கத்திலும் வராது. பிப் என்னும் உடற்குறைபாட்டு உதவியில் அன்றாட வாழ்வுப் பகுதி பெறுவோர் உள்ளிட்ட சிலருக்கு விலக்கு உண்டு.

"எல்ஹெச்ஏக்குள்ளதான் வீடு எடுத்தனாங்கள். பிறகும் காசு குறைஞ்சு வருது. ஏன்?"

பெனிபிட் கேப் விழுந்திருக்கும். குடும்பம் ஒன்றுக்கு மொத்த உதவியே இவ்வளவுதான் என்ற மேல் வரம்பு அது: லண்டனில் ஆண்டுக்கு 25,323 பவுண், வெளியே 22,020. தனி நபருக்கு லண்டனில் 16,967, வெளியே 14,753.

லண்டனில் வேலை இல்லாத கணவன் மனைவி, இரண்டு பிள்ளைகள் என்று எடுப்போம். வரம்பு மாதத்துக்கு 2,110 பவுண். இருவருக்குமான அடிப்படைத் தொகை 628.10, பிள்ளைகளுக்கு 292.81 வீதம் இரண்டு, சைல்ட் பெனிபிட் மாதக் கணக்கில் ஏறக்குறைய 187.63. கூட்டினால் 1,401 ஆகிறது. வாடகைக்கு மிஞ்சுவது சுமார் 709 பவுண். எல்ஹெச்ஏ 1,400 என்று இருந்தாலும் இந்தக் குடும்பத்துக்கு அந்த எண்ணால் பயனில்லை. வாடகையை 1,250இலிருந்து 1,400க்கு உயர்த்தினால் ஒரு பென்ஸ்கூடக் கூடுதலாக வராது.

குடும்பத்தின் சம்பளம், வரி போகக் கையில் வருவது, மாதம் 846 பவுண் இருந்தால் கேப் இல்லை. பிப், பிள்ளைக்கு டிஎல்ஏ என்னும் உடற்குறைபாட்டு உதவி, பராமரிப்பாளருக்கான தொகை போன்றவை வந்தாலும் இல்லை. முந்தைய 12 மாதமும் அந்த அளவு உழைத்துவிட்டு வேலை இழந்தவருக்கு ஒன்பது மாத அவகாசம் உண்டு. அந்த ஒன்பது மாதத்துக்குள் வாடகை கூடிய வீட்டுக்கு மாறுவது ஆபத்து. பத்தாவது மாதத்தில் உதவி சட்டென்று இறங்கும்.

"போன வருசம் சம்பளம் கூட எண்டு யூசி தரேல்ல. இப்ப அப்பா அம்மா வீட்டை விட்டு வாடகைக்குப் போறம். திரும்பப் போடலாமோ?"

கட்டாயம் போட்டுப் பாருங்கள். வாடகை சேரும்போது முழுக் கணக்கும் மாறுகிறது. இரண்டு பிள்ளைகள், கையில் வரும் சம்பளம் 3,000 பவுண் என்று வைப்போம். வாடகை இல்லாதபோது குடும்பத்தின் உச்சத் தொகை 1,213.72. சம்பளத்தில் முதல் 684 பவுணை விட்டுவிட்டு மீதியில் 55 சதவீதம், அதாவது 1,273.80 கழிப்பார்கள். ஒன்றும் மிஞ்சாது.

எல்ஹெச்ஏ 1,400 உள்ள பகுதியில் அந்த அளவு வாடகைக்கு வீடு எடுத்தால் உச்சத் தொகை 2,613.72 ஆகும். விட்டுவிடும் சம்பளம் 411ஆகக் குறையும், கழிவது 1,423.95 ஆகும். மாதம் 1,189.77 வரும். சம்பளம் 846ஐத் தாண்டுவதால் கேப்பும் இல்லை. "எங்களுக்குக் கிடைக்காது" என்று பழைய பதிலை நம்பி இருந்துவிடும் வேலை செய்யும் குடும்பங்கள்தான் இதில் அதிகம் இழக்கின்றன.

"யாழ்ப்பாணத்தில காணி இருக்கு. அதைச் சொல்ல வேணுமோ?"

சொல்லத்தான் வேண்டும். சேமிப்பும் சொத்தும் 16,000 பவுணைத் தாண்டினால் யுனிவர்சல் கிரெடிட் இல்லை. 6,000க்கும் 16,000க்கும் இடையில் என்றால் ஒவ்வொரு 250க்கும் மாதம் 4.35 குறையும், 9,000 இருந்தால் 52.20 குறையும். வெளிநாட்டுச் சொத்தும் இதில் அடங்கும். அங்குள்ள சந்தை விலையில் விற்பனைச் செலவுக்கு 10 சதவீதமும் அதன் மேல் உள்ள கடனும் கழித்துப் பார்ப்பார்கள். ஓய்வூதிய வயதைக் கடந்த உங்கள் தாயோ தந்தையோ அங்குள்ள உங்கள் வீட்டைத் தம் வசிப்பிடமாகக் கொண்டிருந்தால் அதைக் கணக்கில் சேர்ப்பதில்லை. சீட்டு எடுத்து டிபொசிட்டுக்கென்று வங்கியில் போட்டு வைத்த பணமும் சேமிப்பே.

"முதல் மாத வாடகைக்கும் டிபொசிட்டுக்கும் எங்க போறது?"

முதலில் தேவை எவ்வளவு என்று பாருங்கள். டிபொசிட் ஐந்து வார வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது. ஆண்டு வாடகை 50,000 பவுணுக்குக் குறைந்த வீடுகளுக்கு இதுதான் சட்டம். வாடகை 1,500 என்றால் டிபொசிட் 1,730 பவுணை ஒட்டி வரும், முதல் மாதம் 1,500, ஆக 3,230. வீட்டைப் பிடித்து வைக்கக் கேட்கும் பணம் ஒரு வார வாடகைக்கு மேல் போகக் கூடாது. 2026 மே 1 முதல் முன்பணமாக ஒரு மாத வாடகைக்கு மேல் கேட்பதும் சட்டத்துக்கு எதிரானது. ஆறு மாத வாடகையை மொத்தமாகக் கொடுத்து வீடு பிடித்த காலம் அதோடு முடிகிறது.

பணத்துக்கு மூன்று வழிகள். ஒன்று, கவுன்சிலின் வாடகை நிதி, அடுத்த கேள்வியில் வருகிறது. இரண்டு, கவுன்சிலின் டிபொசிட் உத்தரவாதத் திட்டம். இது எல்லா இடத்திலும் இல்லை. மூன்று, யுனிவர்சல் கிரெடிட்டின் பட்ஜெட்டிங் அட்வான்ஸ். ஆறு மாதமாக உதவி பெறுபவராகவும், அந்த ஆறு மாதத்தில் தம்பதியின் சம்பளம் 3,600 பவுணுக்கு, தனி நபர் என்றால் 2,600க்கு, உட்பட்டதாகவும் இருக்க வேண்டும். பிள்ளைகள் உள்ள குடும்பத்துக்கு 812 பவுண் வரை கிடைக்கும். இது கடன், மாதாமாதம் உதவியிலிருந்து பிடிப்பார்கள். வாடகை கூடிய வீட்டின் முதல் மாதங்களில் அந்தப் பிடித்தம் கடுமையாகத் தெரியும்.

"கவுன்சில் 'டிஹெச்பி' எண்டு ஒரு காசு குடுக்குதாம். அது என்ன?"

டிஸ்கிரெஷனரி ஹவுசிங் பேமென்ட். வாடகைக்கும் உதவிக்கும் இடையிலுள்ள பற்றாக்குறையை நிரப்பவும், டிபொசிட், முன்பணம், சாமான் ஏற்றும் செலவு ஆகியவற்றுக்கும் கவுன்சில் தன் விருப்பப்படி கொடுக்கும் பணம். இங்கிலாந்தில் 2026 ஏப்ரல் முதல் இது கிரைசிஸ் அண்ட் ரெசிலியன்ஸ் ஃபண்ட் என்ற நிதிக்குள் வீட்டு உதவிப் பகுதியாகச் சேர்கிறது. கவுன்சில் இணையதளத்தில் பழைய பெயர் கிடைக்காவிட்டால் புதிய பெயரில் தேடுங்கள். இது உரிமைப் பணம் அல்ல, பெரும்பாலும் சில மாதங்களுக்கு மட்டும்.

விண்ணப்பத்தில் கவுன்சில் பார்ப்பது இரண்டு: ஏன் மாற வேண்டியிருக்கிறது, பணம் நின்ற பிறகு எப்படிச் சமாளிப்பீர்கள். "பெரிய வீடு வேண்டும்" என்று எழுதினால் மறுப்பு வரும். பூஞ்சை பிடித்த அறையால் பிள்ளைக்கு ஆஸ்துமா கூடுகிறது என்ற டாக்டர் கடிதம், வீட்டுக்காரரின் வெளியேற்ற நோட்டீஸ், 16 வயது மகனும் 13 வயது மகளும் ஓர் அறையில் இருப்பது, வேலையிடத்துக்கு இரண்டு பஸ் மாறும் தூரம் இவையெல்லாம் காரணங்கள். மூன்று மாத வங்கிக் கணக்கும், ஊருக்கு அனுப்பும் பணம் உட்பட உண்மையான செலவுப் பட்டியலும் இணையுங்கள். செலவைக் குறைத்துக் காட்டினால் பற்றாக்குறை இல்லை என்று முடிவு செய்துவிடுவார்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியம், கையெழுத்துக்கு முன் கேட்பது. கட்டுப்படியாகாது என்று தெரிந்தே எடுத்த வீட்டுக்கு உதவ கவுன்சில்கள் தயங்கும். அதைவிடப் பெரிய ஆபத்தும் உண்டு. கட்டுப்படியான வீட்டை விட்டுவிட்டு வாடகை கூடியதை எடுத்து, கட்ட முடியாமல் வெளியேற்றப்பட்டால், வேண்டுமென்றே வீடிழந்தவர் என்று கவுன்சில் முடிவு செய்யலாம். அப்போது நிரந்தரமாக வீடு தரும் கடமை அதற்கு இல்லாமல் போகும்.

"வீடு மாறினதை எப்ப சொல்ல வேணும்?"

சாவி வாங்கிய அன்றே, யுனிவர்சல் கிரெடிட் இணையக் கணக்கில் உள்ள ஜேர்னல் என்னும் செய்திப் பக்கத்தில். ஒவ்வொருவருக்கும் ஒரு மாதக் கணக்குக் காலம் உண்டு. உங்களுடையது 12ஆம் தேதி தொடங்கி அடுத்த மாதம் 11இல் முடிகிறது என்று வைத்துக்கொள்வோம். ஜூலை 9 அன்று குடிபோனாலும் ஜூன் 12 முதல் ஜூலை 11 வரையான முழு மாதத்துக்கும் புதிய வாடகைதான் எடுக்கப்படும். ஜூலை 13 அன்று போனால் அந்தக் கூடுதல் ஒரு மாதம் தள்ளிப் போகும்.

ஆனால் ஜூலை 9 அன்று குடிபோய், ஜூலை 20 அன்று சொன்னால் முந்தைய மாதத்தின் கூடுதல் போய்விடும். தாமதத்துக்கு வலுவான காரணம் இருந்தால் மட்டும் பின்தேதியிடுவார்கள். வாடகை ஒப்பந்தத்தின் எல்லாப் பக்கங்களையும் கையில் வைத்திருங்கள். கையெழுத்துப் பக்கம் இல்லாத படம் அனுப்பித்தான் பலருக்கு வாரக்கணக்கில் இழுபடுகிறது.

கவுன்சில் டாக்ஸ் குறைப்பு இதில் சேராது. கவுன்சில் மாறினால் அங்கே புதிதாக விண்ணப்பிக்க வேண்டும்.

"பழைய வீட்டுக்கு நோட்டீஸ் குடுத்தும் ரெண்டு வீட்டுக்கும் வாடகை கட்டவேண்டி வருது. ரெண்டுக்கும் தருவினமோ?"

பொதுவாக ஒரு வீட்டுக்குத்தான். வீட்டு வன்முறையால் வெளியேறியவர், ஊனமுற்றவருக்காகப் புதிய வீட்டில் மாற்றங்கள் முடியக் காத்திருப்பவர் போன்ற சிலருக்கு மட்டும் இரண்டுக்கும் உண்டு.

2026 மே 1 முதல் இங்கிலாந்தில் தனியார் வாடகைதாரர் இரண்டு மாத நோட்டீஸ் கொடுக்க வேண்டும். புதிய வீடோ இரண்டு வாரத்தில் குடிவரச் சொல்லும். எனவே இடைவெளி முன்பைவிடப் பெரிதாகும். பழைய வீட்டுக்காரரிடம் குறுகிய நோட்டீஸுக்குச் சம்மதம் கேளுங்கள், எழுத்தில் வாங்குங்கள். வாடகை ஏறிவரும் இந்தக் காலத்தில் பலர் மறுக்க மாட்டார்கள், வெறுமையான வீட்டைக் கூடிய வாடகைக்கு விடலாம் என்பதால்.

"யூசி எண்டு சொன்னவுடன ஏஜென்ட் போனை வைக்கிறார். என்ன செய்யிறது?"

உதவி பெறுபவர் என்பதற்காக மட்டும் ஒரேயடியாக மறுப்பது சட்டவிரோதப் பாகுபாடு என்று 2020இலேயே யோர்க் நீதிமன்றத்தில் தீர்ப்பு வந்தது. 2025ஆம் ஆண்டின் வாடகைதாரர் உரிமைச் சட்டம் அதை நேரடியாகவே தடை செய்கிறது. ஆனால் வருமானத்தைச் சோதிக்கவும் ஜாமீன்தாரர் கேட்கவும் அவர்களுக்கு உரிமை உண்டு. தொலைபேசியில் வாதாடாமல் மின்னஞ்சலில் கேளுங்கள், மறுப்பும் எழுத்தில் வரட்டும். உதவிக் கணக்கின் அச்சுப்பிரதி, பழைய வீட்டில் தவறாமல் கட்டிய 12 மாத வாடகைச் சான்று இரண்டையும் முதலிலேயே இணைத்தால் கதவு திறக்கும் வாய்ப்பு கூடும்.

"அண்ணாவின்ட வீட்டை வாடகைக்கு எடுத்தா உதவி கிடைக்குமோ?"

அண்ணா அதே வீட்டில் உங்களோடு இருந்தால் கிடைக்காது. வேறு வீட்டில் இருந்து உங்களுக்கு இதை வாடகைக்கு விட்டால் கிடைக்கலாம், அது உண்மையான வாடகையாக இருந்தால். சந்தை அளவு வாடகை, எழுத்து ஒப்பந்தம், வங்கி வழியாக மாதாமாதம் பணம், டிபொசிட்டைப் பாதுகாப்புத் திட்டத்தில் 30 நாளுக்குள் போட்டதற்கான சான்று வைத்திருங்கள். "கட்டாவிட்டால் என்ன செய்வார்?" என்று அதிகாரி கேட்பார். "ஒண்டும் செய்யமாட்டார், அண்ணாதானே" என்ற பதில் உண்மையானால் அது வாடகை அல்ல, உதவிக்காகச் செய்த ஏற்பாடு என்று முடிவாகும். கையில் காசு கொடுத்தால் காட்ட ஒன்றும் இருக்காது.

"அம்மாவையும் எங்களோட வச்சிருக்கத்தான் பெரிய வீடு பாக்கிறம். கணக்கு மாறுமோ?"

மாறும். அம்மாவுக்கும் ஓர் அறை கணக்கில் வரும், ஆகவே மேலே சொன்ன அறைக் கணக்கில் ஒன்று கூடும். உங்களுடன் இருக்கும் 21 வயது நிறைந்த ஒவ்வொரு வளர்ந்தவருக்கும் மாதம் 93.02 பவுண் உங்கள் வாடகைப் பங்கிலிருந்து கழிக்கப்படும். ஆனால் வருமானம் குறைந்த முதியோருக்கான பென்ஷன் கிரெடிட் பெறுபவருக்கு இந்தக் கழிவு இல்லை. அம்மாவுக்கு அது உரியதா என்று முதலில் பாருங்கள், பலர் விண்ணப்பிக்காமலே இருக்கிறார்கள்.

தனியாக வாடகைக்கு இருக்கும் ஓய்வூதிய வயதுப் பெற்றோருக்கு யுனிவர்சல் கிரெடிட் இல்லை, கவுன்சில் தரும் ஹவுசிங் பெனிபிட். வேறு கவுன்சிலுக்குப் போனால் அங்கே புதிதாகப் போட வேண்டும். பழையது தானாகத் தொடராது. மறந்துவிட்டால் மூன்று மாதம் வரை பின்தேதியிடலாம்.

"எனக்கு ஸ்கில்ட் வேர்க்கர் விசா. கேக்கலாமோ?"

விசாவில் பொது நிதி இல்லை என்ற நிபந்தனை இருந்தால் யுனிவர்சல் கிரெடிட்டும் ஹவுசிங் பெனிபிட்டும் கேட்கக் கூடாது, விசாவுக்கே பாதகமாகும். துணைக்குக் குடியுரிமை இருந்தால் அவர் தனி நபராக விண்ணப்பிக்கலாம். உங்கள் சம்பளமும் சேமிப்பும் கணக்கில் வரும். விண்ணப்பத்துக்கு முன் குடிவரவு ஆலோசகரிடம் கேளுங்கள்.

"கவுன்சில் காட்டின வீட்டு வாடகை எங்களுக்குக் கட்டாது. வேண்டாம் எண்டு சொல்லலாமோ?"

வீடிழந்தவராக ஏற்றுக்கொள்ளப்பட்டு, இறுதியாக ஒரு வீடு தருகிறார்கள் என்றால் உடனே மறுக்க வேண்டாம். மறுத்தால் கவுன்சிலின் கடமை முடிந்துவிடலாம். கட்டுப்படியாகும் தன்மையும் பொருத்தமான வீட்டின் இலக்கணத்தில் சட்டப்படி அடங்கும். வீட்டை ஏற்றுக்கொண்டு, 21 நாளுக்குள் மறுபரிசீலனை கேளுங்கள். செலவுப் பட்டியலோடு, வாடகை கட்டியபின் உணவுக்கு என்ன மிஞ்சுகிறது என்று எண்ணில் காட்டுங்கள்.

"மாறிட்டம். இப்ப ஒரு மாத வாடகை பாக்கி. இனி ஏதும் வழி இருக்கோ?"

இருக்கிறது, பாக்கி இரண்டு மாதமாகும் முன் பார்த்தால். கவுன்சிலின் நிதிக்கு இப்போதும் விண்ணப்பிக்கலாம். மாறிய காரணத்தை மேலே சொன்னபடி சான்றுடன் எழுதுங்கள். கேப் விழுந்திருந்தால், 846ஐ எட்ட இன்னும் எத்தனை மணி நேர வேலை வேண்டும் என்று கணக்கிடுங்கள். சிலருக்கு வாரம் மூன்று நான்கு மணி நேரமே குறைவாக இருக்கும். இரண்டு மாதப் பாக்கி ஏறினால் வாடகைப் பங்கை நேரே தனக்கு அனுப்பும்படி வீட்டுக்காரர் கேட்கலாம். அது தண்டனை அல்ல, சில வேளை வீட்டைக் காப்பாற்றும்.

வெளியேற்ற நோட்டீஸ் வந்தால் அன்றே கவுன்சிலின் வீட்டுப் பிரிவுக்குப் போங்கள். 56 நாளுக்குள் வீடிழக்கும் நிலையில் இருப்பவருக்கு உதவுவது 2017ஆம் ஆண்டுச் சட்டப்படி அவர்கள் கடமை.

"வாடகைக் காசைப் பிழையாக் கணக்குப் பாத்திருக்கினம். யாரிட்டச் சொல்றது?"

யுனிவர்சல் கிரெடிட் முடிவு என்றால் ஒரு மாதத்துக்குள் ஜேர்னலில் கட்டாய மறுபரிசீலனை கேளுங்கள். அதுவும் பாதகமானால் அடுத்த ஒரு மாதத்துக்குள் சுயாதீனத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம், கட்டணம் இல்லை. அதிகம் பிழைப்பது அறை எண்ணிக்கையிலும், கணக்குக் காலத்திலும், வாரத்தை மாதமாக்கும் கணக்கிலும்தான். எந்த எண் தவறு, சரியான எண் எது என்று இரண்டே வரியில் எழுதுங்கள். கவுன்சில் தன் விருப்ப நிதியை மறுத்தால் தீர்ப்பாயம் இல்லை, அதே கவுன்சிலிடம் மறுஆய்வு கேட்க வேண்டும். நிலைமை மாறியிருந்தால் புதிய விண்ணப்பமும் போடலாம்.